மேடு பார்த்து ஓடிய டீம்

அம்பயரின் வலது கை மறுபடியும் பக்கவாட்டில் நீண்டது. "நோ பால்!"

சேலத்து மத்தியான வெயில். பவுண்டரிக் கோட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில், மடக்கு நாற்காலியில், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். வலது கையில் கட்டு. மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். கோச் என்றால் நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதில் அதுவரை தேதியைத் தவிர எதுவும் எழுதவில்லை.

பந்து போட்டுக்கொண்டிருந்தவன் மாரி. ஏற்காட்டு மலையில் வாழவந்தி என்ற ஊர்க்காரன். ஆறடி உயரம், ஏழு ஏக்கர் காடு, சாமை விதைப்பு, பலாமரங்கள், அதோடு எங்கள் டீமின் முதல் ஓவர். மலையில் அவன் பந்தைத் தொட்டு மூக்கு உடையாத பேட்ஸ்மேன் குறைவு. அன்றைக்கு ஓடி வருகிறான், குதிக்கிறான், முன்னங்கால் கோட்டைத் தாண்டி ஒரு சாண் போய் விழுகிறது. மறுபடி ஓடி வருகிறான், மறுபடி ஒரு சாண்.

எதிர் டீம் ஒரு மில் டீம். வேடிக்கை பார்க்க வந்த மில்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஏலம் விடுகிறவர்கள் மாதிரி சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள். "பதினொண்ணு! பன்னெண்டு!" எண்ணுவதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். ஆனாலும் அன்றைக்குப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

ஓவர் முடிந்ததும் மாரி என்னிடம் ஓடி வந்தான். முகத்தில் வியர்வையும் பயமும் சரிபாதி.

"ஏனுங்க ரைட்டரே, அந்தக் கோடு நகருதுங்களா?"

"கோடு எப்பட்றா நகரும்?"

"பின்ன நான் நிக்கோணும்னு நெனைக்கிற எடத்துக்கு முன்னாடியே வந்துருதுங்களே!"

மாரிக்கு மட்டுமில்லை, அடுத்து வந்த பொன்னையனுக்கும் அதே கதி. பொன்னையன் எஸ்டேட் லாரி டிரைவர், எங்கள் கேப்டன். கீப்பர் கைக்குச் சிக்காத பந்துகளில் பைஸ் ரன் வேறு தண்ணீராக ஓடியது. நாங்கள் தோற்ற தோல்வியை விவரிக்காமல் விடுவது என் வயதுக்கு மரியாதை.

கையா, கிளவுஸா?

போன வாரம் இதே பக்கத்தில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியதில் என் மனைவி ஸ்டெல்லாவுக்கு மனத்தாங்கல். "நான் உங்களப் பாத்துச் சிரிச்சேன்னு எழுதியிருக்கீங்க, நான் எங்கீங்க சிரிச்சேன்?" என்கிறாள். சிரிக்கவில்லை என்று வாசகர்கள் திருத்திக்கொள்ளவும். இனி என் கைக்கு வருகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து பதினோரு வருஷம் நான் ஏற்காடு எஸ்டேட் டீமின் விக்கெட் கீப்பர். வார நாட்களில் எஸ்டேட் ஆபீஸில் ரைட்டர். செக்ரோலில் ஆள் வருகை எழுத வேண்டும், எத்தனை கிலோ காப்பிப் பழம் பறித்தார்கள் என்று எழுத வேண்டும், துரை கேட்டால் எழுந்து நிற்க வேண்டும். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, நம்மூர்க்காரர்தான். எஸ்டேட் மேனேஜரை அப்படிக் கூப்பிட்டே எங்களுக்குப் பழக்கம்.

கீப்பருக்கு விரல்கள் சொந்தமில்லை. என் வலது சுண்டுவிரல் இரண்டு தடவை, மோதிர விரல் ஒரு தடவை உடைந்தன. ஸ்டெல்லா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் வீட்டில் கட்டுப் போடுவாள், வாயும் சும்மா இருக்காது.

"உங்க வெரலுக்கு நான் சுத்துன துணிய வீணாக்காமச் சேத்து வெச்சிருந்தா, எட்டு மொழம் வேட்டியே ஆயிருக்குமுங்க."

கடைசியில் கட்டைவிரல் போயிற்று. மாரி போட்ட பந்துதான். சேலத்தில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு அடி பட்டால் அது மடங்காது என்றார். கட்டைவிரல் மடங்காத ரைட்டர் பேனாவை எப்படிப் பிடிப்பான்? துரையும் அதையே வேறு மாதிரி சொன்னார். "தேவராஜ், உனக்குக் கை வேணுமா, கிளவுஸ் வேணுமா?"

அன்றைக்கு ஆபீஸ் பின்பக்கம் போய் அழுதேன். முப்பத்தைந்து வயது ஆம்பளை, மீசை வேறு. செக்ரோல் எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஸ்டம்புக்குப் பின்னால் உட்கார்ந்தால்தான் நான் தேவராஜ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த டீமும் இல்லையென்றால் எனக்கு என்ன இருக்கிறது என்று உண்மையிலேயே தெரியவில்லை.

பொன்னையன்தான் வழி சொன்னான். "அப்ப நீங்க கோச்சா இருங்க ரைட்டரே. சும்மா உக்காந்து திட்டுனாப் போதுமுங்க. அது உங்களுக்கு நொம்ப நல்லா வருமில்லீங்க?"

ஆரஞ்சுக்கூடை

கோச்சின் முதல் வேலை கீப்பர் தேடுவது. டீமில் ஒவ்வொருவனையும் உட்கார வைத்துப் பார்த்தேன். பொன்னையன் பந்து வந்ததும் கண்ணை மூடினான். "இப்படித்தான் லாரி ஓட்டறியா?" என்று கேட்டேன். பழம் அரைக்கும் மிஷின்காரன் பந்தை நெஞ்சால் பிடித்தான், அதற்கப்புறம் இரண்டு நாள் மூச்சு விடவே யோசித்தான்.

ஒரு சனிக்கிழமை, கட்டு மாற்றச் சேலத்துக்குப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். கொண்டை ஊசி வளைவுகளில் உட்கார்ந்திருப்பவர்களே ஒருவர் மடியில் ஒருவர் சாய்கிறார்கள். கண்டக்டர் மட்டும் நடுவில் நின்று, எதையும் பிடிக்காமல், இரண்டு கையாலும் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். முழங்கால் லேசாக மடிந்திருந்தது. வண்டி இடப்பக்கம் திரும்பினால் இடுப்பு வலப்பக்கம் போகும், தலை இருந்த இடத்திலேயே இருக்கும்.

நடுவழியில் ஒரு வளைவில் ஓர் அம்மாவின் ஆரஞ்சுக்கூடை மேல்தட்டிலிருந்து கவிழ்ந்தது. கண்டக்டர் பையைக் கக்கத்தில் இடுக்கினார். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று, மூன்றாவதை இரண்டு கையையும் சேர்த்துக் காலுக்குப் பக்கத்தில், தரைக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்தார். காதில் செருகியிருந்த பென்சில் அசையவில்லை.

எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. வளைவு முடியும் முன்பே எழுந்தேன்.

"கண்டக்டரே, நீங்க கிரிக்கெட் ஆடுவீங்களா?"

"அதெல்லாம் ஆடுனதில்லீங்க. டிக்கெட் எங்கீங்க?"

அந்தக் கண்டக்டர் பெயர் சின்னச்சாமி, மலையிலேயே வெள்ளக்கடை என்ற ஊர்க்காரர். எங்களில் பலரைவிட இளையவர். ஆனாலும் கண்டக்டர் ஆயிற்றே, நாளைக்கு நடுவழியில் இறக்கிவிட்டால் என்ன செய்வது? அதனால் டீமில் எல்லாருக்கும் அவர் எப்போதும் 'அவர்'தான். மூன்று வாரம் தினமும் ட்யூட்டி முடிந்ததும் மைதானத்துக்கு வந்தார். நான் கற்றுக்கொடுக்க வேண்டியது அதிகம் இல்லை. உட்காரத் தெரிந்தவர், பந்தைக் கடைசி வரை பார்க்கத் தெரிந்தவர். கிளவுஸின் விரல்களுக்குள் பழந்துணி அடைக்கும் விதத்தை மட்டும் காட்டிக்கொடுத்தேன்.

அப்படிப்பட்டவர்தான் சேலத்து மைதானத்தில் அத்தனை பைஸ் விட்டார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

வெயில் மேல் போட்ட பழி

இந்த இடத்தில் எங்கள் மைதானத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலையில் அதைவிடத் தட்டையான இடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதுவே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நன்றாக மேடேறும். கீழே சில்வர் ஓக் மரங்கள், மேலே காப்பித் தோட்டம்.

மேலிருந்து கீழே ஓடிப் பந்து போட்டால் யாராலும் நிற்க முடியாது. முன்னொரு காலத்தில் ஒருவன் அப்படி ஓடி, பந்தைப் போட்டுவிட்டு, பேட்ஸ்மேனையும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஸ்டம்பில் போய் விழுந்தானாம். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம். எல்லா ஓவரும் கீழ்முனையிலிருந்துதான். ஓவர் முடிந்தால் நாங்கள் இடம் மாற மாட்டோம், பேட்ஸ்மேன்கள் இருவரும் முனை மாறிக்கொள்வார்கள். விருந்தாளி டீம்களும் இதற்கு ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொள்ளாவிட்டால் மதியச் சாப்பாடு கிடையாது.

மலையில் நாங்கள் ஜெயிப்போம். எப்போதாவது சமவெளிக்கு இறங்கி நட்பு ஆட்டம் ஆடினால் தோற்போம். பதினோரு வருஷமும் ஒரே காரணம்தான் சொன்னோம்: வெயில். "சேலத்து வெயில் நமக்காகாதுங்க" என்று சொல்லிக்கொண்டே மோர் குடிப்போம். அந்த ஆட்டங்களில் அம்பயராக நிற்பவர் எவருடைய மாமனோ மச்சானோ, கோட்டைப் பார்க்கவே மாட்டார். அந்த வருஷம்தான் முதல் முறையாக ஜில்லா லீக்கில் சேர்ந்தோம். கோட்டைப் பார்க்கும் அம்பயரும் முதல் முறையாக வந்து வாய்த்தார்.

அந்த நோ பால் ஆட்டத்தில் தோற்ற மறுநாள் துரை கூப்பிட்டார். எழுந்து நின்றேன்.

"லாரி, டீசல், ஞாயித்துக்கிழமை ஆள். இதெல்லாம் எதுக்குக் குடுக்கிறேன் தேவராஜ்? சேலமே நம்ம எஸ்டேட்டைப் பாத்துச் சிரிக்கிறதுக்கா? இன்னும் ஒரு மேட்ச் பாக்கிறேன். அதுலயும் தோத்தீங்கன்னா டீமைக் கலைச்சிடு. நீயே எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டிடு."

நான் எழுதி, நானே ஒட்ட வேண்டுமாம். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரம் மறுபடி கட்டு மாற்றப் பஸ் ஏறினேன். சின்னச்சாமி வண்டிதான். வளைவுகளில் அவர் வழக்கம்போல ஆணி அடித்த மாதிரி நின்றார். அடிவாரம் வந்தது. பஸ் நேரான, சமமான ரோட்டில் ஏறியது. ஏறியதும் மனிதர் சட்டென்று மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க கண்டக்டரே, அத்தனை வளைவுலயும் நின்னுபோட்டு இங்க வந்து புடிக்கிறீங்க?"

"தெனமும் அப்படித்தானுங்க. மலைல எனக்கு ஒண்ணுமாகாது. அடிவாரம் தாண்டுனா கொஞ்ச நேரத்துக்குக் காலு நம்ம பேச்சுக் கேக்காதுங்க. வளைவு எங்க, வளைவு எங்கன்னு தேடிக்கிட்டே இருக்கும்."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். நான் சீட்டிலிருந்து எழுந்துவிட்டேன்.

மாரி மேடு பார்த்து ஓடியே வளர்ந்தவன். மேட்டில் ஓடுகிறவன் முன்னால் சாய்ந்து, காலை எட்டிப் போட்டு, உந்தி உந்தி ஓடுவான். அதே ஓட்டத்தைத் தட்டைத் தரையில் ஓடினால் கால் ஒரு சாண் முன்னால் போய் விழாமல் என்ன செய்யும்? கோடு நகரவில்லை, மேடுதான் காணாமல் போயிருந்தது. சின்னச்சாமிக்கும் அதே கதைதான். மலையில் பந்து மேடேறிக் களைத்து வந்து கையில் விழும். சேலத்தில் அது களைக்கவே இல்லை.

பதினோரு வருஷம் ஸ்டம்புக்குப் பின்னால் உட்கார்ந்தும் இது என் மண்டையில் ஏறவில்லை. பந்தைப் பிடிப்பதிலேயே குறியாக இருந்தவனுக்கு ஓடி வருகிறவன் கால் எங்கே தெரியும்? பாவம், வெயிலைத்தான் அநியாயமாகத் திட்டியிருக்கிறோம்.

லூர்து அக்காவின் கோடு

இனி தட்டையான இடம் வேண்டும். மலையில் அப்படி ஒன்றே ஒன்று உண்டு: எஸ்டேட் காப்பிக் களம். சிமெண்ட் போட்டு, மட்டம் பார்த்து இழைத்த களம். ஆனால் அது காப்பிக் காலம். கழுவின காப்பி களம் முழுக்கப் பாய் விரித்த மாதிரி காய்ந்துகொண்டிருந்தது.

களத்துக்கு மேஸ்திரி லூர்து அக்கா. துரையே களத்தில் கால் வைக்கும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். நான் விஷயத்தைச் சொன்னேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

"அதாவது என்ற களத்துல உங்க ஆளுக ஓடோணும்."

"ஆமாங்க அக்கா. ஒரு ஓரமா..."

"ஓரமென்ன ஓரம். நடுவுலயே வழி உடறேன். ஆனா காப்பிய மணிக்கொருதரம் கெளறோணும். என்ற பொம்பளைக ரெண்டு பேரு பிரசவத்துக்குப் போயிருக்கறாங்க. உங்க ஆளுக கெளறுவாங்களா?"

கிளறுவார்கள் என்றேன். அவர்களைக் கேட்காமலே சொன்னேன். கோச் என்றால் இது ஒரு வசதி.

மறுநாள் அதிகாலை போய்ப் பார்த்தோம். அக்கா காப்பியை இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் ஓட ஒரு பாதை விட்டிருந்தார். பந்து போடும் இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு. அந்தக் கோட்டை ஒட்டி, அந்தப் பக்கம், அரையடி உயரத்துக்குக் காப்பிக்கொட்டை குவித்திருந்தது.

"இது எதுக்குங்க அக்கா?"

"கோட்டத் தாண்டுனாக் காலு காப்பில விழும். எவன் காலு விழுகுதோ அவன் அந்தப் பாத்தி முழுசையும் தனியாளாக் கெளறோணும். எனக்கு உங்க கிரிக்கெட் தெரியாதுங்க ரைட்டரே. ஆளுக எப்ப அடங்குவாங்கன்னு தெரியும்."

முதல் நாள் மாரி பதினான்கு பாத்தி கிளறினான். வெறுங்கால் காப்பிக்குள் புதைகிற சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது, சரக் சரக்கென்று. இரண்டாம் நாள் ஒன்பது. மாரி சாய்ந்து ஓடுவதை அக்கா தூரத்திலிருந்தே பார்த்துக் கத்துவார்: "நிமுந்து ஓடு சாமி! மலை முடிஞ்சுபோச்சு!" இதைவிட நல்ல கோச்சிங்கை நான் பிற்பாடும் கேட்டதில்லை. அந்த ஐந்து வார்த்தையை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். கோச் நோட்டில் நான் எழுதிய முதல் பாடம் அதுதான்.

மூன்றாவது வாரம் மாரி ஒரு பாத்திகூடக் கிளறவில்லை. அக்காவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். "நல்ல ஆளு போச்சுங்களே" என்றார். சின்னச்சாமியும் சிமெண்டில் சீறி வரும் பந்துக்குப் பழகிவிட்டார். பத்தடி பின்னால் நின்று, ஒன்றுகூட விடாமல் எடுத்தார். இப்படியே பின்னால் நிற்க வேண்டும், பத்திரமாக ஆட வேண்டும் என்று நான் அவருக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன்.

ஒரு பந்து, இரண்டு ரன்

மேட்ச் அன்று லாரியை அடிவாரத்தில் நிறுத்தச் சொன்னேன். பதினொரு பேரும் இறங்கி, ரோட்டோரச் சமதரையில் அரைமணி நேரம் முன்னும் பின்னும் ஓடினோம். இது சின்னச்சாமியின் யோசனை, கால் மலையை மறக்கட்டும் என்று. டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "வண்டி நின்னுபோச்சுங்களா? தள்ளறதுக்கு ஆள் வேணுமுங்களா?" என்று நாலு பேரோடு ஓடி வந்தார். நல்ல மனிதர்.

எதிர் டீம் இன்னொரு மில். நாங்கள் முதலில் ஆடி, சொல்லிக்கொள்ளும்படி ரன் எடுத்தோம். பொன்னையன் அடித்த ஒரு பந்து வேலியைத் தாண்டிக் குதிரை வண்டிக்காரரின் புல்கட்டில் போய் உட்கார்ந்தது. அவர்கள் ஆட வந்ததும் மாரி முதல் ஓவர் போட்டான். என் கண் பந்தில் இல்லை, பேட்ஸ்மேன் மேல் இல்லை, அம்பயரின் வலது கை மேல்தான். கை அசையவில்லை. ஓவர் முடிந்தும் அசையவில்லை. மில்காரர்கள் எண்ணக் காத்திருந்தவர்கள், எண்ண ஒன்றும் கிடைக்காமல் கடலை தின்னப் போனார்கள்.

சாயங்காலம் ஆட்டம் இழுத்து, இழுத்து, கடைசி ஓவருக்கு வந்தது. அவர்களுக்கு ஆறு ரன் வேண்டும். ஒரே விக்கெட் பாக்கி. பந்து மாரி கையில். பேட் பிடித்திருந்தவர் நல்ல வாட்டசாட்டமான ஆள், ஏற்கெனவே நாற்பது அடித்திருந்தார்.

முதல் பந்தில் நான்கு. நோட்டீஸ் போர்டு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அடுத்த நான்கு பந்தும் மாரி எப்படிப் போட்டான் என்று கேட்காதீர்கள், நான்கிலும் ரன் இல்லை. அந்த ஆள் முன்னால் வந்து வந்து வீசுகிறார், பந்து பேட்டைத் தடவாமல் பின்னால் போகிறது, பத்தடி பின்னால் சின்னச்சாமி கையில் பத்திரமாக உட்காருகிறது.

கடைசிப் பந்து. இரண்டு ரன் எடுத்தால் அவர்கள் ஜெயித்தார்கள்.

மாரி திரும்பி நடந்துகொண்டிருந்தான். சின்னச்சாமி எழுந்தார், கிளவுஸைத் தட்டினார், நடந்து வந்து ஸ்டம்புக்கு நேர் பின்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், உட்கார்ந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. மாரி பந்தை ஸ்டம்புக்குக் கிட்ட நின்று பிடிப்பது நானே பயப்படும் வேலை, என் கட்டைவிரல் அப்படித்தான் போனது. கையில் பட்டு நழுவினால் பின்னால் ஓட ஆள் இல்லை, பவுண்டரிதான். டீமும் போயிற்று, எல்லாம் போயிற்று.

"பின்னாடி போங்க! கண்டக்டரே, பின்னாடி போங்க!"

அவர் திரும்பவில்லை. என்னை நோக்கி ஒரு கையை மட்டும் தூக்கி, உள்ளங்கையைக் காட்டினார். நான் என்னை மறந்து பவுண்டரிக் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினேன். அம்பயர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "ஐயா, நீங்க யாருங்க? வெளிய போங்க!" என்று சத்தம் போட்டார். போனேன். போய் வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டேன்.

மாரி ஓடி வந்தான், நிமிர்ந்து. குதித்தான். கால் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தது. அந்த ஆள் முன்னால் இறங்கி வீசினார். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஸ்டம்ப் கட்டைகள் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் பந்து போடும் முனையில் நின்ற அம்பயரைப் பார்த்தேன். கை பக்கவாட்டில் நீளவில்லை. பிறகு லெக் பக்க அம்பயரைப் பார்த்தேன். ஸ்டம்பிங், அவுட் என்று ஒற்றை விரல் மேலே போயிருந்தது.

அதற்கப்புறம் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. பொன்னையன் மாரியைத் தூக்கினான். மாரி சின்னச்சாமியைத் தூக்கினான். நான் கட்டுப் போட்ட கையோடு எல்லாரையும் குத்தினேன், வலிக்கவே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு சின்னச்சாமியைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏனுங்க, நான் அந்தக் கத்துக் கத்தறேன், காதுல உழுகலீங்களா?"

"உழுந்துச்சுங்க. ஆனா அந்தாளு வீசறப்பல்லாம் பின்னங்காலு கோட்ட உட்டு நாலு விரக்கடை வெளிய போகுதுங்க. நாலு பந்தா பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க மரத்தடில இருக்கீங்க, உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

தெரியாதுதான். நானாக இருந்தால், தெரிந்தும் பயந்து பின்னாலேயே நின்றிருப்பேன். அந்த இடத்திலேயே எனக்கு அது உறைத்தது, கொஞ்சமும் வலிக்காமல் உறைத்தது. இந்த மனிதர் என்னைவிட நல்ல கீப்பர். மூன்று மாதம் முன்னால் இதை யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்றைக்குச் சந்தோஷம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது.

டீம் கலையவில்லை. அதற்குப் பின் பதினைந்து வருஷம் நான் கோச்சாக இருந்தேன், லீக்கை மூன்று தடவை ஜெயித்தோம். துரை ஒவ்வொரு தடவையும் இது தன்னுடைய யோசனை என்று சொல்லிக்கொண்டார்.

அன்று கிளம்பும் முன் ஸ்கோர் மேஜைக்குக் கையெழுத்துப் போடப் போனேன். ஸ்கோர் எழுதும் பெரியவர், எங்கள் நட்பு ஆட்டக் காலத்திலிருந்து அங்கே உட்கார்ந்திருப்பவர், கடைசி விக்கெட்டை எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். பழக்க தோஷம், 'ஸ்டம்ப்டு தேவராஜ்' என்று எழுதியிருந்தார்.

"அது நான் இல்லீங்க. அடிச்சுப்போட்டு எழுதுங்க. சின்னச்சாமி."

கண்ணாடியை ஏற்றிவிட்டு என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "அப்ப நீங்க?"

"கோச்சுங்க." அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"ஓ. கடைசிப் பந்துக்குக் கிட்ட வந்து உக்காந்தாரே, அது நீங்க சொல்லிக் குடுத்ததுங்களா?"

"இல்லீங்க. நான் வேண்டாம்னு கத்துனேன். அவரு கேக்கவே இல்லீங்க!" பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன், பிள்ளை பாஸான தகப்பன் மாதிரி. "அதையும் எழுதிக்கங்க."

பெரியவர் பக்கத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். "அத எழுத இதுல கட்டம் இல்லீங்களே" என்றார்.

பரவாயில்லீங்க என்று சொல்லிவிட்டு லாரியைப் பார்த்து ஓடினேன். மேலே எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள், எனக்கும் ஓர் இடம் விட்டு வைத்திருந்தார்கள்.